பூஜ்ஜியத்தின் கையில் ஒரு சவரக் கத்தி

நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, எதிரணிப் பெரியவர்களே, ராத்திரி பத்து மணி தாண்டியும் எழுந்து போகாம உட்கார்ந்திருக்கிற என் மக்களே, எல்லாருக்கும் வணக்கம். வணக்கத்தை இதோட முடிச்சுக்கறேன். எனக்கு ஒரு கணக்கு பாக்கி இருக்கு.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். "விடுதலைப் போரைத் தாங்கிப் பிடித்தவர்கள் தலைவர்களா? சாமானியர்களா?" நான் சாமானியர் பக்கம். நாலு பக்கம் எழுதி எடுத்துட்டு வந்தேன். ஆனா எதிரணியில எனக்கு முன்னால பேசின அண்ணன் ஒரு கணக்குச் சொல்லிட்டுப் போனாரு பாருங்க, அதைக் கேட்டதும் அந்த நாலு பக்கத்தையும் மடிச்சுப் பைக்குள்ள வெச்சுட்டேன்.

என்ன சொன்னாரு? "மக்கள் பூஜ்ஜியம் மாதிரிங்க. எத்தனை பூஜ்ஜியத்தை வரிசையா அடுக்கினாலும் பூஜ்ஜியம்தான். முன்னால 'ஒன்னு'ன்னு ஒரு தலைவர் வந்து நின்னாத்தான் பத்து, நூறு, ஆயிரம்னு மதிப்பு வரும்." நீங்க கை தட்டினீங்க. முன்வரிசையில ஒரு ஐயா விசிலே அடிச்சாரு. அண்ணன் அதோட விட்டாரா? உட்காரப் போனவர் திரும்பி வந்து மைக்கைப் பிடிச்சு, "விடுதலைப் போர்ல சாமானியன் என்னங்க செஞ்சான்? துணி வெளுக்கறவன் துணி வெளுத்தான், சவரம் பண்றவன் சவரம் பண்ணினான்"னு ஒரு போடு போட்டுட்டுப் போனாரு.

அண்ணே, வேற எதை வேணாலும் சொல்லியிருக்கலாம். சவரத்தைச் சொல்லியிருக்கக் கூடாது.

வாங்க, வேதாரண்யத்துக்குப் போவோம். 1930. வடக்கே காந்தியடிகள் தண்டிக்கு நடந்து முடிச்சுட்டாரு. இங்கே ஏப்ரல் 13-ஆம் தேதி திருச்சியிலிருந்து ராஜாஜி கிளம்பறாரு. கூட நூறு பேர் அளவுல தொண்டர்கள். ஏறக்குறைய 150 மைல், 15 நாள் நடை. எதுக்கு? உப்புக்கு. கடற்கரையில வெயில்ல தானாப் பூத்துக் கெடக்கற உப்பு. அதைக் குனிஞ்சு ஒரு கை அள்ளினா குற்றம். வரி கட்டித்தான் வாங்கணும். கூலிக்காரன் கஞ்சியிலே போடற கல் உப்புக்கும் வரி.

அப்போ தஞ்சாவூர் கலெக்டர் தார்ன்னு ஒரு வெள்ளைக்காரர். கெட்டிக்காரர். ஊர்வலத்தை அடிச்சு நிறுத்த வேண்டியதில்லை, பட்டினி போட்டா தானா நின்னுடும்னு கணக்குப் போட்டாரு. "இந்தத் தொண்டர்களுக்கு யார் சோறு போட்டாலும், தங்க இடம் கொடுத்தாலும் ஆறு மாசம் ஜெயில், அபராதம் உண்டு"ன்னு தண்டோரா போட்டுட்டாரு. சும்மா மிரட்டலுக்கு இல்லை. சாப்பாடு போட்டதுக்காகவே சிறைக்குப் போனவங்க உண்டு.

இப்போ அண்ணனோட கணக்குப் பலகையை நான் கொஞ்சம் கடன் வாங்கிக்கறேன். நூறு பேர். நாளைக்கு ரெண்டு வேளை. 15 நாள். எத்தனை சாப்பாடு? 3,000 சாப்பாடு! போடறவனுக்கு ஆறு மாசம் ஜெயில்னு தெரிஞ்ச பிறகு, 3,000 சாப்பாடு எங்கிருந்து வந்துச்சு?

மரத்துல காய்ச்சுதுங்க.

ஆமாங்க. தொண்டர்கள் நடந்து வர்ற பாதையில சாலையோர மரக்கிளையில சோத்துப் பொட்டலம் கட்டித் தொங்குது. கட்டினது யாரு? தெரியாது. போலீஸ்காரன் மரத்தைக் கைது பண்ண முடியுமா? ஆத்தங்கரையில தங்கினா, அந்தப் பக்கம் போற ஒருத்தர் மெதுவா ஓர் இடத்தைக் காட்டிட்டு, நிக்காமப் போயிடுவாரு. அங்கே தோண்டினா மண்ணுக்குள்ள பெரிய பாத்திரத்துல சோறு.

இதை நின்னு நிதானமா யோசிச்சுப் பாருங்க. ஒரு பொம்பளை கோழி கூவறதுக்கு முன்னாடி எழுந்திருக்கணும். அடுப்புப் புகை பக்கத்து வீட்டுக்குத் தெரியக் கூடாது. நூறு பேருக்கு வடிச்ச கஞ்சி வாசல்ல ஓடினா மாட்டிக்குவா. ஆக்கின சோத்தை அவ புருஷன் தலைச்சுமையா, இருட்டுல, வரப்பு வழியா கொண்டு போகணும். குழி தோண்டணும். துணி போட்டு மூடணும். விடிஞ்சதும் ஒன்னும் தெரியாத மாதிரி ஏர் ஓட்டப் போகணும். சாப்பிடறவன் முகத்தைக்கூடப் பார்க்க முடியாது. "நல்லா இருந்துச்சும்மா"ன்னு ஒரு வார்த்தை வராது. இதுதான் அண்ணன் சொன்ன பூஜ்ஜியம்.

சரி, சவரத்துக்கு வர்றேன்.

ஊர்வலம் வேதாரண்யம் சேர்ந்தாச்சு. ஏப்ரல் 30 அன்னிக்கு அகஸ்தியம்பள்ளி உப்பளத்துல ராஜாஜி கைதாயிட்டாரு. அண்ணன் கணக்குப்படி 'ஒன்னு' திருச்சி ஜெயிலுக்குப் போயிடுச்சு. மிச்சம் இருக்கறது பூஜ்ஜியம். பூஜ்ஜியம் என்ன செய்யணும்? கலைஞ்சு போகணும் இல்லையா? ஊரு என்ன செஞ்சது தெரியுமா? தொண்டர்களை அடிக்கிற போலீஸ்காரங்களுக்கு இந்த ஊர்ல எந்த வேலையும் செய்யறதில்லைன்னு முடிவு கட்டிடுச்சு.

அந்த ஊர்ல முடிதிருத்தற தொழிலாளி ஒருத்தர். பேரு வைரப்பன். நல்லாக் கேட்டுக்குங்க, வைரப்பன். அவருகிட்ட துப்பாக்கி இல்லை. பத்திரிகை இல்லை. பட்டம் இல்லை. இருக்கறது ஒரு சவரப் பெட்டி. அதுக்குள்ள ஒரு கத்தி, ஒரு கிண்ணம், தீட்டறதுக்கு ஒரு வார். அன்னிக்கு சவரம் பண்ணினா அன்னிக்கு அடுப்பு எரியும்.

ஒரு போலீஸ்காரருக்கு தாடி வளர்ந்து போச்சு. உடுப்போட போனா யாரும் பண்ண மாட்டாங்க. என்ன செஞ்சாரு? உடுப்பைக் கழட்டி வெச்சுட்டு, சாதாரண வேட்டியைக் கட்டிக்கிட்டு, ஊர்க்காரர் மாதிரி வந்து வைரப்பன் எதிர்ல உட்கார்ந்துட்டாரு.

வைரப்பன் பார்த்தாரு. யாரோ வெளியூர் ஆளு போலன்னு நினைச்சாரு. கிண்ணத்துல தண்ணி எடுத்தாரு. கன்னத்தைத் தடவி நனைச்சாரு. கத்தியை வார்ல ரெண்டு தீட்டு தீட்டினாரு. சர்ருன்னு ஒரு பக்கம் முடிஞ்சது. கன்னம் பளபளன்னு ஆச்சு. முகத்தை இந்தப் பக்கம் திருப்பப் போற நேரம். யாரோ சொல்லித் தெரிஞ்சுபோச்சு, இவரு போலீஸ்காரரு!

நிறுத்தினாரு. கத்தியைத் துடைச்சாரு. மடக்கினாரு. பெட்டிக்குள்ள வெச்சு மூடிட்டாரு.

"என்னப்பா, பாதியிலே?"

"அவ்வளவுதாங்க."

இந்த இடத்துல கொஞ்சம் நில்லுங்க. இந்தப் பேச்சு நானாப் போட்டுப் பார்க்கறது. ஆனா அந்தப் பாதி முகம் நிஜம். ஒரு பக்கம் பளபளன்னு தஞ்சாவூர் தாம்பாளம் மாதிரி, இன்னொரு பக்கம் முள்ளு முள்ளா கருவேலங்காடு மாதிரி. நேராப் பார்த்தா ஓர் ஆளு, பக்கவாட்டுல பார்த்தா வேற ஆளு. தெருவுல அவர் நடந்து போறதை நினைச்சுப் பாருங்க. வலது பக்கத் திண்ணையில இருக்கறவன் "வாங்க"ன்னு கும்பிடறான். இடது பக்கத் திண்ணையில இருக்கறவன் "யாருப்பா இது?"ங்கறான். ரெண்டு திண்ணைக்காரனும் ஒருத்தனை ஒருத்தன் பார்த்துச் சிரிக்கிறான். ஊருக்கே பயம் காட்டின அதிகாரம், ஒத்தைக் கன்னத்தைக் கையால மூடிக்கிட்டுப் போகுது!

சிரிங்க, நல்லாச் சிரிங்க. ஆனா அடுத்து நடந்ததைக் கேளுங்க. விஷயம் நீதிமன்றத்துக்குப் போச்சு. நீதிபதி உட்கார்ந்திருக்காரு. குற்றவாளிக் கூண்டுல வைரப்பன். சாட்சி? சாட்சியே வேண்டாம். பாதி முகம்தான் சாட்சி. நீதிபதியும் பெரிய மனசு பண்ணி ஒரு வழி சொல்றாரு. "மீதியைச் சவரம் பண்ணிடு. விட்டுடறேன்."

எவ்வளவு சின்ன வேலைங்க அது? ரெண்டு நிமிஷம். நாலு இழுப்பு. முடிச்சுட்டா வீட்டுக்குப் போயிடலாம். பெண்டாட்டி பிள்ளைங்க முகத்தைப் பார்க்கலாம். மாட்டேன்னா ஜெயில். அவர் இடத்துல நான் இருந்து பார்க்கறேன். உடம்பு நடுங்குது. எதிர்ல சர்க்கார் உட்கார்ந்திருக்கு. சுத்திலும் துப்பாக்கி. "சரிங்க எஜமான்"னு சொல்லிட்டா யாரு குறை சொல்லப் போறாங்க? அவரு தலைவரா? மேடையில பேசினாரா? சபதம் எடுத்தாரா? நாளைக்குப் பேப்பர்ல அவர் பேர் வருமா?

வைரப்பன் என்ன செஞ்சாரு? அந்த ஊர்ல இன்னிக்கும் சொல்றாங்க. சவரப் பெட்டியை எடுத்தாரு. நீதிபதி முன்னால நீட்டினாரு. "என்னால முடியாதுங்க. வேணும்னா நீங்களே பண்ணி விட்டுடுங்க."

கை தட்டணும்னா இப்போ தட்டுங்க! அது என் பேச்சுக்கு இல்லை. அந்தப் பெட்டியை நீட்டின கைக்கு.

ஆறு மாசம் சிறை. போனாரு. வேதாரண்யத்துல இன்னிக்கும் அவருக்கு நினைவுத்தூண் இருக்கு. அண்ணே, அடுத்த தடவை அந்தப் பக்கம் நிகழ்ச்சிக்குப் போனா, அஞ்சு நிமிஷம் காரை நிறுத்தி அந்தத் தூண் முன்னால நில்லுங்க. நின்னுட்டு "சவரம் பண்றவன் சவரம் பண்ணினான்"னு ஒரு தடவை சொல்லிப் பாருங்க. உங்களுக்கு வாய் வராது. எனக்குத் தெரியும், நீங்க நல்ல மனசுக்காரரு.

அதுல இன்னொன்னு பாருங்க. அன்னிக்கு வைரப்பன் கையில என்ன இருந்துச்சு? கத்தி! எங்கே இருந்துச்சு? எதிராளியோட தொண்டைக்கு ரெண்டு விரல் கடை தூரத்துல. அடிக்கிற ஆளுன்னு தெரிஞ்ச நிமிஷம் அது. கோபம் வராதா ஒரு மனுஷனுக்கு? அந்தக் கத்தி ஒரு சொட்டு ரத்தம் சிந்தாம மடங்கிப் பெட்டிக்குள்ள போச்சு. காந்தியடிகள் அகிம்சைன்னு சொன்னாரு. ராஜாஜி அதை விளக்கினாரு. வைரப்பன் அதைக் கையில பிடிச்சிருந்தாரு. யாரு யாருக்கு மதிப்புக் கொடுத்தது, நடுவர் அவர்களே?

"ஒருத்தன் சவரம் பண்ண மறுத்தா வெள்ளைக்காரன் ஓடிடுவானா?"ன்னு எதிரணி கேட்கும். கேட்கட்டும். வெள்ளைக்காரன் எத்தனை பேர் இங்கே இருந்தான்? ஒரு ஜில்லாவுக்கு விரல் விட்டு எண்ணற அளவுதான். அவனுக்குச் சோறு ஆக்கினது நாம. துணி துவைச்சது நாம. வண்டி ஓட்டினது நாம. அவன் கையில இருந்த லத்தியைப் பிடிச்சவனும் நம்ம ஆளு. நாம வேலை செஞ்சாத்தான் அவனுக்கு ஆட்சி. நாம கையைக் கட்டிக்கிட்டா அவனுக்குச் சவரம்கூட நடக்காது. இதை நான் சொல்லலை. அதே கலெக்டர் தார்ன், அந்த ஊர்வலம் முடிஞ்ச பிறகு மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினாரு. அரசாங்கத்து மேல மக்களுக்குப் பக்தின்னு ஒன்னு எப்போதாவது இருந்திருந்தா, அது இப்போ செத்துப்போச்சுங்கற கருத்துல எழுதினாரு. ராஜாஜியை ஜெயில்ல போட்ட மனுஷனுக்குத் தன் கணக்கு எங்கே உதைச்சதுன்னு தெரிஞ்சிருந்துச்சு. மரத்துல தொங்கின பொட்டலத்துல உதைச்சது!

இது 1930-ல திடீர்னு முளைச்சதும் இல்லை. 22 வருஷம் முன்னாடி தூத்துக்குடிக்குப் போங்க. 1908. வெள்ளைக்காரன் நடத்தின பஞ்சாலை கோரல் மில். அங்கே தொழிலாளர் வேலைநிறுத்தம். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால நின்னாங்க, மறுக்கலை. ஆனா அந்த வேலைநிறுத்தத்துக்கு ஊரே முட்டுக் கொடுத்துச்சு. சுதேசிக்கு எதிரா இருந்தவங்களுக்கு சவரம் செய்ய மாட்டோம்னு அங்கேயும் தொழிலாளிங்க மறுத்தாங்க. தொழிலாளிக்குக் கூலி உயர்வு கிடைச்சது, ஞாயித்துக்கிழமை லீவு கிடைச்சது. மார்ச் 12 அன்னிக்கு வ.உ.சி.யைக் கைது பண்ணிட்டாங்க. மறுநாள் மார்ச் 13. தலைவர் உள்ளே. ஆனா திருநெல்வேலியே தெருவுல எழுந்து நின்னுச்சு. துப்பாக்கிச் சூட்டுல நாலு பேர் செத்தாங்க. 'ஒன்னு' இல்லாத அன்னிக்குப் பூஜ்ஜியங்க மார்பைக் காட்டின கணக்கை அண்ணன் எந்தப் பலகையில எழுதுவாரு?

கொடியோட விழுந்த திருப்பூர் குமரன், நெசவாளர் வீட்டுப் பிள்ளை. 1932-ல உயிர் போனப்போ 27 வயசு. இன்னிக்கு அவரைத் தியாகின்னு கும்பிடறோம். ஜனவரி 10-ஆம் தேதி காலையில வீட்டை விட்டுக் கிளம்பினப்போ அவரும் அண்ணன் கணக்குல பூஜ்ஜியம்தானே?

நடுவர் மணியில கை வைக்கிறாரு. ஐயா, ரெண்டே ரெண்டு விஷயம். பெரியவங்களைப் பத்திப் பேசிட்டேன். பிள்ளைங்களைப் பத்திப் பேசாம இறங்கினா என் மனசு கேட்காது.

ஒரிசாவுல தேங்கானல்னு ஒரு சமஸ்தானம். 1938 அக்டோபர். ராஜாவோட கொடுமைக்கும் அவனுக்கு முட்டுக் கொடுத்த வெள்ளைக்காரனுக்கும் எதிரா ஜனங்க எழுந்துட்டாங்க. பிராமணி ஆத்துல நீலகண்டபூர்னு ஒரு படகுத்துறை. அங்கே ராத்திரிக் காவல் ஒரு பையன். பேரு பாஜி ரௌத். படகோட்டி வீட்டுக் கடைக்குட்டி. அப்பா இல்லை. அம்மா நாலு வீட்டுல நெல்லுக் குத்திக் கஞ்சி ஊத்தின பிள்ளை. வயசு 12.

துப்பாக்கியோட போலீஸ் வருது. ஊருக்குள்ள சுட்டுட்டு வந்த போலீஸ். ஆத்தைத் தாண்டியாகணும். "டேய், படகை எடு."

பன்னிரண்டு வயசுப் பிள்ளைங்க. நம்ம வீட்டுல அந்த வயசுப் பிள்ளை ராத்திரி கொல்லைப்பக்கம் போகத் துணைக்கு ஆளு கேட்கும். அவன் முடியாதுன்னுட்டான்.

துப்பாக்கிக் கட்டையால மண்டையில அடிச்சாங்க. சுட்டாங்க. அந்த இடத்திலேயே போயிட்டான். 

அவன்கிட்ட யாரு போய் "ஒன்னு"ன்னு நின்னு வழி காட்டினாங்க அந்த இருட்டுல? ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் துப்பாக்கி, நடுவுல ஒரு துடுப்பு. அந்தத் துடுப்பை எடுக்காம இருந்தான் பாருங்க, அதைவிடப் பெரிய போர் எனக்குத் தெரியலை.

நான் இதுக்கு மேல வாதம் பண்ணப் போறதில்லை, நடுவர் அவர்களே. ஒரே ஒரு தாயைப் பத்திச் சொல்லிட்டு உட்கார்ந்துடறேன்.

பாஞ்சாலங்குறிச்சி. கட்டபொம்மனைக் கயத்தாத்துல தூக்கில போட்டது 1799 அக்டோபர் 16. கோட்டையை மண்ணோட மண்ணா இடிச்சுத் தள்ளிட்டாங்க. தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில. 1801 பிப்ரவரி 2, ராத்திரி, சிறையிலிருந்து அவரை ஜனங்க மீட்டுட்டு வந்துட்டாங்க. விஷயம் தெரிஞ்சு ஒரு வாரத்துல கும்பெனிப் படை பாஞ்சாலங்குறிச்சிக்கு ஓடி வருது. வந்து பார்த்தா, தரைமட்டமாக் கெடந்த கோட்டை நிமிர்ந்து நிக்குது! படையோட வந்த வெல்ஷ்ங்கற வெள்ளைக்கார அதிகாரி பிற்பாடு எழுதின புத்தகத்துல, நாங்க அப்படியே அசந்து போயிட்டோம்கறாரு. ஆறே நாள். மண்ணு சுமந்தது யாரு? தண்ணி ஊத்தி மிதிச்சது யாரு? அந்தச் சுவரு பீரங்கிக்கு முன்னால மூணு மாசத்துக்கு மேல நின்னுச்சு.

மே 24 அன்னிக்குக் கோட்டை விழுந்துச்சு. களம் முழுக்கப் பிணம். அதுக்கு நடுவுல ஊமைத்துரை, உடம்பெல்லாம் காயம், குத்துயிரும் கொலையுயிருமா கெடக்கறாரு. அடையாளம் தெரியலை. துரத்தற படை அவரைத் தேடுது.

பொழுது சாய்ஞ்ச பிறகு, பக்கத்து ஊர்ப் பொம்பளைங்க களத்துக்கு வர்றாங்க. யாராவது உயிரோட இருக்காங்களான்னு. அதுல ஒரு தாய். பேரு எனக்குத் தெரியாது. ஒவ்வொரு முகமாப் புரட்டிப் புரட்டிப் பார்க்கறா. தன் பிள்ளையைக் கண்டுபிடிச்சுட்டா. உயிர் இருக்கு. போற உயிர். அவன் தலையைத் தூக்கி மடியில வைக்கப் போறா.

அந்தப் பிள்ளை சொல்றான். "என்னை விட்டுடு அம்மா. நான் செத்துப் போறேன். பக்கத்துல சாமி அடிபட்டுக் கெடக்கறாரு. அவரைக் காப்பாத்து." ஊமைத்துரையைத்தான் ஜனங்க சாமின்னு கூப்பிடுவாங்க. இதையும் நாம எழுதலைங்க. எதிர்த்துச் சண்டை போட்ட அந்த வெல்ஷ்தான் எழுதி வெச்சிருக்காரு.

நானும் ஒரு பிள்ளையைப் பெத்தவ. பள்ளிக்கூடத்துல கீழே விழுந்து முட்டியில தோலு உரிஞ்சு வந்தாலே எனக்குக் கை கால் ஓடாது. இவளுக்கு முன்னால ரெண்டு உடம்பு. ஒன்னு பத்து மாசம் சுமந்த உடம்பு. இன்னொன்னு ஊருக்குச் சொந்தமான உடம்பு. இருட்டுல ஒன்னைத்தான் தூக்க முடியும்.

எதிரணி அண்ணே, 'ஒன்னு' கீழே விழுந்து கெடக்கு. பூஜ்ஜியம்தான் குனியுது.

அவ பிள்ளையை அங்கேயே விட்டுட்டா. சாமியைத் தூக்கச் சொன்னா. பொம்பளைங்க எல்லாரும் சேர்ந்து ஊருக்குக் கொண்டு வந்துட்டாங்க. வீட்டுல படுக்க வெச்சாங்க. அதுக்குள்ள தேடிக்கிட்டுப் படை வந்துருச்சு. கும்பெனிக்குத் துணை நின்ன எட்டயபுரத்து ஆளுங்க. வாசல்ல சத்தம் கேட்குது. ஒளிக்க இடமில்லை. தலையிலிருந்து கால் வரைக்கும் துணியை இழுத்துப் போர்த்தினாங்க. சுத்தி உட்கார்ந்து ஓன்னு ஒப்பாரி வெச்சாங்க. உள்ளே வந்தவன் "யாரு இது?"ங்கறான். "என் பிள்ளைய்யா. அம்மை போட்டு இப்பத்தான் உயிர் போச்சு."

அம்மைன்னு கேட்டதும் வந்தவங்க பயந்து ஓடிட்டாங்க. ஊமைத்துரை பிழைச்சாரு. சிவகங்கைச் சீமைக்குப் போனாரு. மருது சகோதரர்களோட சேர்ந்தாரு. போர் தொடர்ந்துச்சு.

பள்ளிக்கூடத்துல எனக்கு இந்தக் கதையைச் சொல்லிக் கொடுத்த டீச்சர், அந்த அம்மா எவ்வளவு சாமர்த்தியமா நடிச்சா பாருங்கன்னு சொன்னாங்க. ரொம்ப நாள் நானும் அப்படித்தான் மேடையில சொல்லிக்கிட்டு இருந்தேன். என் பிள்ளை பிறந்த பிறகு ஒரு நாள் இதைச் சொல்ல ஆரம்பிச்சு, பாதியிலே தொண்டை அடைச்சுப் போச்சு. அவ எங்கேங்க நடிச்சா? களத்துல இருட்டுல கெடக்கறான் அவ பெத்த பிள்ளை. மடியில போட்டு அழ நேரம் இல்லாம வந்தவ. வாய்விட்டு அழுதா யாருக்காக அழறேன்னு கேட்பாங்கன்னு, வழியெல்லாம் முந்தானையைக் கடிச்சுக்கிட்டே வந்திருப்பா. இப்போ வெள்ளைத் துணிக்குக் கீழே இன்னொரு உடம்பு. வாசல்ல எதிரி நிக்கறான். என் பிள்ளை செத்துட்டான்னு சத்தமாச் சொல்லி, மாருல அடிச்சு அழ, அவளுக்கு அந்த ஒரு நிமிஷம்தான் கிடைச்சது.